நேரலைக்குப் பேசிய விலை

கள்ளக்குறிச்சி கச்சேரி ரோட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஷேக் மைதீன், சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்கியதாகச் சரித்திரமே கிடையாது. மருந்துக்கடையில் பில் நீட்டினால்கூட, "பாத்துப் போடுங்க தம்பி" என்பார். 'ஒரே விலை' என்று போர்டு மாட்டிய ஜவுளிக்கடையில் அந்த போர்டுக்கு அடியிலேயே நின்று பேரம் பேசி, துண்டு ஒன்றை இலவசமாக வாங்கிக்கொண்டு வந்தவர். முதலில் சொல்கிற விலை விலையே இல்லை, பேச்சை ஆரம்பிக்கப் போடுகிற பிள்ளையார்சுழி என்பது முப்பது வருஷமாக அவர் கண்ட உண்மை. கடைத்தெருவில் அது சரிதான், நாமும் ஒத்துக்கொள்ளலாம். செல்போனுக்குள் இருக்கிறவனிடமும் போய் அதையே காட்டுவாரா ஒரு மனுஷர்? காட்டினார்.

மகள் ஜன்னதுல் பிர்தௌஸ் பல்கலைக்கழக அணிக்குப் பூப்பந்து ஆடுகிறாள். இறகுப்பந்து இல்லை. மஞ்சள் கம்பளி நூலில் செய்த பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், கயிறு பின்னிய மட்டை. நம்ம பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் எல்லாம் ஆடுகிற ஆட்டம்தான். ஆனால் எந்த டிவிக்காரனும் சீந்த மாட்டான். கிரிக்கெட் என்றால் ஒருத்தன் தண்ணீர் குடிப்பதைக்கூடப் பதினோரு கேமரா வைத்துக் காட்டுகிறான். இந்தப் பிள்ளைகள் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்காக ராஜஸ்தானில் போய் வெயிலில் கருகி ஆடுவதைப் பார்க்க வேண்டுமென்றால், 'திடல் ப்ளஸ்' என்று ஒரு ஆப் இருக்கிறது, அதில் காசு கட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஐந்து வருஷமாக அவள் ஆடுகிறாள். ஐந்து வருஷத்தில் ஷேக் மைதீன் ஒரு ஆட்டம் பார்த்ததில்லை. பார்க்கக்கூடாது என்றெல்லாம் இல்லை. ஒரு தடவை முகூர்த்த நாள், கடையை விட முடியவில்லை. ஒரு தடவை கும்பகோணத்திலிருந்து சரக்கு வந்து இறங்கியது. விழுப்புரத்தில் நடந்தபோது கிளம்பிப் பாதி தூரம் போய், கொள்முதல் விஷயமாக ஒரு போன் வந்து திரும்பிவிட்டார். மகள் வாங்கிய மெடல்களின் போட்டோ கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். ஆனால் அவள் பந்தை எப்படி அடிப்பாள் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது.

வெள்ளிக்கிழமை அவள் போன் செய்தாள். "அத்தா, ஃபைனல் வந்துட்டோம். ஞாயித்துக்கிழமை மூணரைக்கு."

"மாஷா அல்லா. நல்லா ஆடும்மா."

"அத்தா, இதான் கடைசி. பரிட்ச முடிஞ்சா ஓசூர் வேலைக்குப் போயிடுவேன், அப்பால மட்டைய தொட நேரம் ஏது. இத ஒண்ணாவது பாருங்க."

அவள் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால்கூட அவர் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார். சாதாரணமாகச் சொன்னாள், அதுதான் அவரை உறுத்தியது. "கடைய மூடிட்டாவது பாக்கறேன்ம்மா. அல்லா மேல சத்தியம்" என்றார். அந்தச் சத்தியத்தை அவர் மனசாரத்தான் செய்தார், அதில் சந்தேகம் வேண்டாம்.

மனைவி அஸ்ரப் நிஷா அப்போது கல்வராயன்மலையில், வெள்ளிமலையில் இருக்கும் தம்பி சுபைர் வீட்டில் இருந்தாள். சுபைர் பெண்டாட்டிக்குப் பிரசவமாகிப் பத்து நாள். மலையில் பேசுவதற்கே ரேஷன் கடை மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல், படம் பார்ப்பதெல்லாம் நடக்காத காரியம். "எனக்கும் சேத்து நீங்களே பாத்துடுங்க. பாத்துட்டு எப்படி ஆடுனான்னு சொல்லுங்க" என்றாள். பிறகு புருஷனைத் தெரிந்தவளாக, "இன்னா கேக்கறானோ அத கட்டிடுங்க. பேரம் கீரம் வாணாம்" என்றாள்.

"நான் இன்னா கொழந்தையா?" என்று கேட்டார் ஷேக் மைதீன்.

சனிக்கிழமை காலை கடை திறந்து ஊதுவத்தி காட்டிவிட்டு ஆப்பை இறக்கினார். ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய் என்றது. அதுவும் ஒரு வருஷத்துக்கு. ஒரு மாசம், ஒரு நாள் என்று எதுவும் கிடையாது. ஷேக் மைதீனுக்கு ரத்தம் கொதித்தது. ஒரு ஆட்டம் பார்க்க வந்தவனிடம் ஒரு வருஷத்துப் பணத்தைக் கேட்கிறான். இவர் கடைக்கு ஒரு கரண்டி வாங்க வருகிறவளிடம் மொத்த எவர்சில்வர் செட்டையும் எடுத்தால்தான் கரண்டி என்று சொன்னால் ஊர் சும்மா இருக்குமா? வருஷம் முழுக்க அப்படி என்னதான் காட்டப் போகிறான் என்று தடவிப் பார்த்தார். பனியில் சறுக்குகிறார்கள், கல்லைத் தள்ளிவிட்டு அதன் முன்னால் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டே ஓடுகிறார்கள். "இத பாக்கறதுக்கு என்னை நேந்து வுட்டிருக்கா?" என்று சொல்லிவிட்டு ஆப்பை மூடினார். நியாயமான கோபம், நாமாக இருந்தாலும் படுவோம். ஆனால் நாம் பட்டுவிட்டுக் கட்டியிருப்போம்.

சாயங்காலம் போன் டிங் என்றது. 'உங்களுக்காக மட்டும்! 999 ரூபாய்.'

ஷேக் மைதீன் சிரித்துவிட்டார். அவருடைய கடைக்கு நான்கு படிகள். விலை படியவில்லை என்று எழுந்து போகிறவர்களை முதல் படியில் கூப்பிடக்கூடாது, கடைக்காரன் இளித்தவாயன் என்று நினைத்துவிடுவார்கள். நான்காவது படி தாண்டிவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். மூன்றாவது படியில் கால் வைக்கும்போது கூப்பிட வேண்டும். இவனும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான், கூப்பிடுகிறான். அப்படியென்றால் இன்னும் இறங்குவான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அறுநூறுக்கு ஒரு ரூபாய் குறைவாக இறங்கினான். நிஷா மலையிலிருந்து கூப்பிட்டு, "கட்டிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"பாதிக்கு மேல கொறச்சிட்டேன். இன்னும் ஒரு அமுக்கு அமுக்குனா படிஞ்சிடுவான்."

"ஏங்க, புள்ளைங்க ஆட்டத்துல போய் இன்னாங்க அமுக்கறது? கட்டித் தொலைங்க."

"மூணரைக்குத்தான ஆட்டம். நேரம் கெடக்குது."

மத்தியானம் தை முகூர்த்தத்துக்குப் பாத்திரம் எடுக்கிற கூட்டம். இரண்டே முக்காலுக்குக் கச்சிராயபாளையத்திலிருந்து பெரியநாயகி வந்தாள். மகள் செந்தமிழ்ச்செல்விக்குச் சீர் கொடுக்கப் பித்தளை அண்டா வேண்டும். புருஷன் நாராயணசாமி வெளியே டாட்டா ஏஸில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விலை பேசுகிற இடத்துக்கு அவரை அவள் அழைத்து வருவதில்லை. அண்டாவைத் தட்டிப் பார்த்தாள், கவிழ்த்துப் பார்த்தாள், தூக்கிப் பார்த்தாள்.

"எட்டாயிரத்து ஐநூறு" என்றார் ஷேக் மைதீன்.

"ஏழு ரூபா போட்டுக்குங்க பாய்" என்றாள், ஏழாயிரத்தைத்தான் அப்படிச் சொன்னாள்.

இங்கே அவள் இவரை அமுக்க, அங்கே இவர் செல்போனை அமுக்க, மணி மூன்று ஐந்து ஆனது. போன் டிங் என்றது. 'இன்று மட்டும்! 299.'

"படிஞ்சான்" என்று தொடையில் தட்டிக்கொண்டார். மள மளவென்று அமுக்கினார். ஓடிபி வந்தது, போட்டார், பணம் போனது, பச்சையாக ஒரு டிக் விழுந்தது. பெருமை தாங்கவில்லை, பெரியநாயகியிடமே சொன்னார். "ஆயிரத்து ஐநூறு கேட்டான்மா. முன்னூறுக்கு முடிச்சிட்டேன். எம் பொண்ணு ஆட்டம் பாக்கறதுக்கு."

"பாத்தீங்களா, கொறைக்க முடியுது இல்ல? அப்ப அண்டாவுக்கும் கொறைங்க" என்றாள் அவள்.

மூன்றரைக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு, போனைக் கல்லாப்பெட்டி மேல் சாய்த்து வைத்து, மகள் அணியின் பெயரைத் தேடி அமுக்கினார். ஒரு பூட்டுப் படம் வந்தது. கீழே எழுத்து. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். 'உங்கள் திட்டத்தில் நேரலை இல்லை. ஆட்டம் முடிந்து 24 மணி நேரத்துக்குப் பின் காணலாம்.'

இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை படிக்கும்போது புரிந்துவிட்டது. புரியாமல் என்ன? அவரே தினமும் செய்கிற வேலைதானே. வருகிறவள் ரொம்பவும் அடித்துப் பேசினால் உள்ளே போய் அதே உருவம், அதே பளபளப்பு, தகடு மட்டும் கனம் குறைந்த பாத்திரமாக எடுத்து வந்து வைப்பார். பொய் ஒன்றும் சொல்வதில்லை. கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. இப்போது எவனோ ஒருவன், எந்த ஊர்க்காரனோ, அதே மாதிரித் தகடு குறைந்த சரக்கை இவர் தலையிலேயே கட்டிவிட்டான். அதில்தான் அவருக்கு வயிறு எரிந்தது.

உதவி என்ற பொத்தானை அமுக்கினார். 'வணக்கம், உங்களுக்கு எப்படி உதவட்டும்?' என்று எழுத்து வந்தது. லைவ் வேண்டும், மீதிக் காசை வாங்கிக்கொள் என்று அடித்தார். 'தற்போதைய திட்டம் முடிந்த பின் மாற்றிக்கொள்ளலாம். முடியும் தேதி: அடுத்த ஆண்டு ஜனவரி' என்றது. இவர் திட்டினார், அது 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்றது. அட நாசமாப் போறவனே, காசு கொடுக்கிறேன் என்று ஒருத்தன் கதறுகிறான், வாங்க மாட்டேன் என்கிறாயே, நீயெல்லாம் கடை வைத்து என்ன கண்டாய் என்று ஷேக் மைதீன் அந்த எழுத்தைப் பார்த்துக் கேட்டார்.

வேறு நம்பரில் புதிதாகச் சேர்வதுதான் வழி. வேறு நம்பர் என்றதும் நிஷா நம்பர்தான் ஞாபகம் வந்தது. கூப்பிட்டார், தொடர்பு எல்லைக்கு வெளியே. சுபைரைக் கூப்பிட்டார், அவனும் வெளியே. எட்டாவது தடவை, மேட்டுப் பக்கம் வந்திருந்த சுபைர் எடுத்தான். நிஷா தம்பி வீட்டிலிருந்து ரேஷன் கடை மேட்டுக்கு ஏறி வருவதற்குள் மணி மூன்று ஐம்பது.

"ஒரு நம்பர் வரும், படிச்சு சொல்லு" என்றார்.

"வரல."

"பாரு நல்லா."

"பாத்துக்கினுதான் இருக்கறேன். வரல. ம், வந்துடுச்சு. நாலு, ஏழு..."

நேரம் முடிந்துவிட்டது என்றது ஆப். மறுபடி அனுப்பச் சொன்னார். மறுபடி வரும்போது நிஷா பக்கம் சிக்னல் போய், போனே கட்டாகிவிட்டது. திரும்பப் பிடித்தபோது அவள் அழுகிற குரலில் இருந்தாள். "கேட்ட காச கட்டுங்கன்னு சொன்னனா இல்லியா? மெனக்கெட்டு சொன்னனே. அவ ஆடிக்கினு இருப்பாளே இப்ப."

அந்த நேரம் பெரியநாயகி, "அப்ப நான் வரேன் பாய்" என்று எழுந்தாள். ஒரு படி இறங்கினாள். இரண்டாவது படி. மூன்றாவது படியில் நின்று செருப்பைச் சரி செய்கிற மாதிரி குனிந்தாள். ஷேக் மைதீன் போனையே வெறித்துக்கொண்டிருந்தார். நான்காவது படியும் இறங்கி ரோட்டில் நின்றாள். யாரும் கூப்பிடவில்லை. இந்தக் கடையில் இப்படி நடந்ததே இல்லை. அவளுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது, திரும்பி ஏறி வந்தாள்.

"இன்னா பாய், கூப்புட மாட்டேன்றீங்க? ஒடம்பு சரியில்லயா?"

விஷயத்தைச் சொன்னார். கேட்டுவிட்டுப் பெரியநாயகி தன் போனை எடுத்துக் கல்லா மேல் வைத்தாள். "என் நம்பர போடுங்க. ஆனா அண்டாவ ஏழுக்கே தரணும்."

"எடுத்துக்கம்மா" என்றார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக எதிராளி சொன்ன முதல் விலைக்குச் சரி என்றார். ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பதையும் கட்டினார். வட்டம் ஒன்று சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. படம் வந்தபோது மணி நாலு இருபது.

மூன்றாவது செட் ஓடிக்கொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு செட் ஜெயித்திருந்தார்கள். கேமரா ஒன்றே ஒன்று, அதையும் எங்கோ கட்டடத்து உச்சியில் கட்டியிருந்தான். ஆட்கள் விரற்கடை உயரத்துக்குத் தெரிந்தார்கள். நீலச் சட்டையில் ஐந்து பெண்கள், எல்லாரும் கொண்டையை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். முதுகில் இருக்கிற நம்பர் படிக்கிற மாதிரி இல்லை. ஆயிரத்து ஐநூறு வாங்கினானே, கிட்டே ஒரு கேமரா வைத்தால் குறைந்தா போய்விடுவான்?

"எது பாய் உங்க பொண்ணு?" என்று கேட்டாள் பெரியநாயகி.

ஒரு கணம் தடுமாறினார். பிறகு, வலைக்குப் பக்கத்தில் இடப்புறம் நின்றவளைக் காட்டினார். உயரம் அப்படித்தான் இருந்தது. மணிக்கட்டைத் தூக்கி நெற்றி வியர்வையைத் துடைத்த விதம் நிஷா மாதிரியே இருந்தது. "அதோ, அவதான்."

அதற்குப் பிறகு அவர் வேறு யாரையும் பார்க்கவில்லை. அவள் குனிந்து எடுத்த பந்து, விழுந்து எழுந்த பந்து, ஒன்றையும் விடவில்லை. இப்படியெல்லாம் ஆடுவாளா என்று வாயைப் பிளந்தார். ஐந்து வருஷமாகப் பார்க்காமல் விட்டேனே, எனக்கெல்லாம் புத்தி எங்கே போச்சு என்று தன்னையே திட்டிக்கொண்டார். கடைக்கு வந்த இரண்டு பேரைப் பிறகு வரச் சொன்னார். பெரியநாயகியும் அண்டா மேல் கையூன்றி நின்று பார்த்தாள். முப்பத்து நாலு முப்பத்து மூன்று என்று நின்றபோது ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார். அந்தப் பெண் எம்பி, ஓங்கி ஒரு அடி அடித்தாள். பந்து எதிர்ப்பக்கம் இரண்டு பேருக்கு நடுவில் விழுந்தது. ஐந்து பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

ஷேக் மைதீன் அழுதுவிட்டார். மறைக்கவெல்லாம் இல்லை, வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியாம்மா? எம் பொண்ணு" என்றார்.

"தங்கம் பாய்" என்றாள் பெரியநாயகி.

கால் மணி நேரத்தில் மகள் போன் வந்தது. பின்னால் ஒரே கூச்சலும் மேளமும்.

"அத்தா, ஜெயிச்சிட்டோம்."

"பாத்தேன்ம்மா" என்றார். அந்த வார்த்தையைச் சொல்வதற்காகவே ஐந்து வருஷம் காத்திருந்தவர் மாதிரி சொன்னார். "கடைசி அடி அடிச்ச பாரு, எகிறி. அப்படியே நெஞ்சு அடச்சிடுச்சும்மா எனக்கு. எடப்பக்கம் நின்னுக்கினு எத்தினி பந்து எடுத்த. நான் கண்ண எடுக்கவே இல்ல."

கூச்சலுக்கு அப்பால் போவதற்கு நடக்கிறாள் போல, சத்தம் குறைந்தது.

"அத்தா, அது நான் இல்ல. அது சந்தியா."

"எது?"

"எடப்பக்கம் ஆடுனது. ரெண்டாவது செட் முடியும்போது எனக்குக் கால் பெசகிடுச்சு. அந்த செட்ட எடுத்துக் குடுத்துட்டுதான் வெளிய வந்தேன். மூணாவதுல நான் ஐஸ் வெச்சுக்கினு ஓரமா உக்காந்திருந்தேன்."

ஷேக் மைதீனுக்குக் கால் எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை.

"மொதல் ரெண்டு செட்டு பாக்கலயா த்தா?"

பொய் சொல்லலாம். வியாபாரிக்கு ஒரு பொய் சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆனால் யாரோ பெற்ற பிள்ளையை இருபது நிமிஷம் தன் பிள்ளை என்று பார்த்து அழுதுவிட்டு, அதற்கு மேல் என்ன பொய்யைச் சொல்வது?

"மூணாவதுலதான் உள்ள வுட்டான்மா."

"ஏன், கரண்ட் இல்லயா?"

"இருந்துச்சு" என்றார். "நேத்துல இருந்து வெல பேசிக்கினு இருந்தேன்."

அந்தப் பக்கம் யாரோ அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். "தோ வரேன்" என்று அவர்களிடம் சொன்னாள். பிறகு இவரிடம் கேட்டாள்.

"எவ்ளோ கொறச்சீங்க?"

கேலியாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பார். கோபமாகக் கேட்டிருந்தால் இன்னும் நல்லது, நிஷா மாதிரி இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் திருப்பி எதையாவது சொல்லி மனசை ஆற்றியிருக்கலாம். அவள் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஆயிரத்து ஐநூறு சொன்னான். முன்னூறுக்கு முடிச்சேன்."

"நல்ல வெலதான் த்தா" என்றாள். "வெச்சுடறேன், மெடல் குடுக்கறாங்க."

போன் கட்டாகிவிட்டது. நாராயணசாமியும் டிரைவரும் படியேறி வந்து அண்டாவை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். பெரியநாயகி பணத்தை எண்ணிக் கல்லா மேல் வைத்துவிட்டு, "இன்னா பாய் சொல்லுது பொண்ணு?" என்று கேட்டாள்.

"ரெண்டாவது செட்டு வரைக்கும் ஆடுனாளாம்" என்றார் ஷேக் மைதீன். "நல்லா ஆடுனாளாம்."